அமில–காரப் பரிசோதனைப் பெட்டி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைச் சமையலறையிலிருந்தே எடுக்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் புத்தகக் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும், பள்ளி திறக்கும் ஜனவரி மாதத்தில் ஒரு பெட்டி அடுக்கி வைக்கப்படும். மேலட்டையில் வானவில் நிறத்தில் சோதனைக் குழாய்கள், ஓரத்தில் ‘10 வயதுக்கு மேல்’ என்ற குறிப்பு. கடைக்குக் கடை பெயர் மாறும். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை வைத்தே எழுதுகிறோம். 7ஆம் கிரேடில் அமிலம், காரம், நடுநிலைப் பொருள் என்று பாடம் தொடங்குகிறது. 9ஆம் கிரேடில் அமிலம் உலோக ஆக்சைடோடும், ஹைட்ராக்சைடோடும், கார்பனேட்டோடும், உலோகத்தோடும் எப்படி வினைபுரிகிறது என்று விரிகிறது. இந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெட்டி உதவுமா என்பதே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வட்டாரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

உதவும். ஆனால் அதோடு வரும் கையேட்டை நம்பினால் பாதிதான் உதவும். பெட்டி நிறத்தைக் காட்டுகிறது, அளவைக் கற்றுத் தரவில்லை. நடுநிலையாக்கல், அதாவது அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று தீர்ப்பது, முழுக்க முழுக்க அளவு சார்ந்தது: இவ்வளவு அமிலத்துக்கு இவ்வளவு காரம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதைச் சொல்லித்தர வேண்டிய பக்கங்களில்தான் கையேடு சறுக்குகிறது.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். ஆறு பிளாஸ்டிக் சோதனைக் குழாய்கள், ஒரு தாங்கி, நான்கு சொட்டுக் குழாய்கள், ஒரு சிறு கரண்டி, சிவப்பு லிட்மஸும் நீல லிட்மஸும் (அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும் தாள்கள்), 1 முதல் 14 வரை காட்டும் பிஎச் தாள் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்), 10 மில்லி யுனிவர்சல் இண்டிகேட்டர் (பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் திரவம்), சிட்ரிக் அமிலத் தூள், சோடியம் கார்பனேட் தூள், கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் (நீற்றிய சுண்ணாம்பு), ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, மெல்லிய பாலித்தீன் கையுறை. இவற்றில் காசுக்கு முழுத் தகுதியானவை சொட்டுக் குழாய்கள்தாம். 3 மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். நேராகப் பிடித்து மெதுவாக அழுத்தினால் மில்லிக்கு 20 முதல் 25 சொட்டு வரும். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறிவிடும், கணக்கு கெடும். ஒரு பிள்ளை 18 சொட்டு என்றும் இன்னொரு பிள்ளை 23 சொட்டு என்றும் சொன்னால் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான். அமிலத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று குழாயில் நிரந்தர மையால் குறித்துவிட வேண்டும். கழுவினோம் என்று நம்பி மாற்றிப் போட்டால் நுனியில் தங்கிய ஒரு சொட்டே முடிவை நகர்த்திவிடும்.

சோதனைக் குழாய்களுக்கு மூடி கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து வேறெங்காவது வைத்துவிடுங்கள். கார்பனேட் போட்ட குழாயில் அமிலம் விட்டு மூடினால் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் ஏறி மூடி முகத்துக்கு நேரே பாயும். கையேட்டில் இதற்கு எச்சரிக்கையே இல்லை. ‘மூடிக் குலுக்கவும்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது என்பதுதான் இன்னும் கவலை.

பாதுகாப்புக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கிறது. சுண்ணாம்பு நீரைக் கையாளுவதற்கு இது போதாது. நாலு பக்கமும் முகத்தோடு ஒட்டி உட்காரும் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்க வேண்டும். மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளையானால் அதன் மேலேயே போடக்கூடிய அகலமான வகையைக் கேளுங்கள். பாலித்தீன் கையுறை தொளதொளவென்று இருப்பதால் குழாயைப் பிடிக்கவிடாமல் வழுக்குகிறது. இந்த நீர்த்த கரைசல்களுக்குக் கையுறையை விடப் பக்கத்தில் ஓடும் குழாய் நீர் முக்கியம்.

பிஎச் தாளும் லிட்மஸும் டர்பன் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் கெடும். கொடுத்திருக்கும் ஜிப் உறை போதாது. இறுக்க மூடும் கண்ணாடி ஜாடியில், மாத்திரைப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் இருக்கும் அலமாரியில் வைத்தால் சிவப்பு லிட்மஸ் தானே நீலமாகிவிடும். தாளைக் கரைசலில் முக்கி வைக்காதீர்கள், சாயம் கரைந்து ஓடும். குச்சியால் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, ஈரம் காயும் முன் அரை நிமிடத்துக்குள் அட்டையோடு ஒப்பிட வேண்டும். காய்ந்த தாளின் நிறம் வேறு கதை சொல்லும்.

தூய நீரைச் சோதித்தால் 7 வரவில்லை, தாள் கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால், திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் 5.6 வரை இறங்கும். மேலும், தூய நீரில் நிறத்தை உறுதியாகப் பிடித்து நிறுத்த அமிலமும் இல்லை, காரமும் இல்லை. தாளில் உள்ள சாயமே முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடும். ‘நீர் எப்போதும் பச்சை’ என்று கையேடு போட்ட படம் பிள்ளையைக் குழப்பத்தான் செய்யும்.

யுனிவர்சல் இண்டிகேட்டர் நல்ல தரம். தைமால் ப்ளூ, மெதில் ரெட், ப்ரோமோதைமால் ப்ளூ, பினால்ப்தலீன் ஆகியவற்றைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது இது. ஆகையால் தீப்பிடிக்கும், மெழுகுவர்த்திக்கும் விளக்குக்கும் அருகே வேண்டாம். 1 மில்லிக்கு 2 சொட்டு போதும். நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று ஆறு, ஏழு சொட்டு ஊற்றினால் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. போத்தல் வீணாவதும் அப்படித்தான்.

இனி கையேட்டின் நடுநிலையாக்கல் பக்கம். அது சொல்வது: ஒரு கரண்டி சிட்ரிக் அமிலத்தை ஒரு குழாய் நீரிலும், ஒரு கரண்டி சோடியம் கார்பனேட்டை இன்னொரு குழாய் நீரிலும் கரை, இரண்டையும் சம அளவு கல, பச்சை வரும். வராது. ஏன் வராது என்று புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

ஒரு சிட்ரிக் அமில மூலக்கூறு மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தரக்கூடியது. ஒரு சோடியம் கார்பனேட் இரண்டை ஏற்கும். எடை கணக்குப் பார்த்தால் நீரற்ற சிட்ரிக் அமிலம் 1 கிராமுக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 0.83 கிராம் போதும். சம எடை போட்டால் காரம் ஐந்தில் ஒரு பங்கு மிகையாகும். கரண்டியால் அள்ளினால் எடையே தெரியாது. ஒரு தூள் படிந்து உட்காரும், இன்னொன்று பஞ்சாக நிற்கும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. பெட்டியில் வந்த தூள் தீர்ந்த பிறகு, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சலவைச் சோடாப் படிகத்தை எடுப்பார்கள். அந்தப் படிகம் ஒவ்வொன்றிலும் சோடியம் கார்பனேட்டோடு பத்து மூலக்கூறு நீர் ஒட்டியிருக்கிறது. எடையில் 37 சதவீதம்தான் உண்மையான காரம், மிச்சமெல்லாம் நீர். 0.83 கிராம் நீரற்ற தூளுக்கு ஈடாக 2.24 கிராம் படிகம் வேண்டும். தெரியாமல் அதே எடையைப் போட்டுவிட்டு, ‘சோடா பழசு, வேலை செய்யவில்லை’ என்பார்கள். காற்றில் திறந்து வைத்த படிகம் நீரை இழந்து வெள்ளைத் தூளாக உதிரும். அப்போது பலம் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாதானால் 12 கிராம் அமிலம், 10 கிராம் கார்பனேட் என்று எடுத்துத் தனித்தனியே ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். பிழை சிறுத்துவிடும்.

சரி, எடை சரியாக எடுத்தாயிற்று. அப்போதும் பச்சை அடம் பிடிக்கும். கார்பனேட்டோடு அமிலம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும். அதில் ஒரு பகுதி கரைசலிலேயே தங்கி மெல்லிய அமிலமாக நிற்கும். கலந்தவுடன் மஞ்சள் கலந்த பச்சை, பத்து நிமிடம் கழித்து நல்ல பச்சை, மறுநாள் காலையில் நீலச் சாயல். வாயு வெளியேற வெளியேற நிறம் நகர்ந்துகொண்டே போகும். குழாயை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, மூடாமல் மெதுவாகச் சுழற்றினால் வாயு பெரும்பகுதி போய்விடும்; அதன் பிறகு பார்க்கும் நிறமே கணக்கில் எடுக்கத் தக்கது. சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மூன்று ஹைட்ரஜனையும் ஒரே மூச்சில் விடாமல் ஒவ்வொன்றாக விடுவதால், நிறம் படிப்படியாகத்தான் மாறும். எந்தச் சொட்டில் முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நுரையைக் காட்டிப் பிள்ளைகளை மகிழ்விக்க இந்த இணை நல்லது. அளவைக் கற்பிக்க ஏற்றதல்ல.

அதற்குப் பெட்டியிலேயே கிடக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்த வேண்டும். கையேடு அதை ஊதிப் பால் நிறமாக்கும் ஒரே ஒரு வேடிக்கைக்கு ஒதுக்கியிருக்கிறது. உண்மையில் பெட்டியிலேயே விலைமதிப்பான பொருள் இதுதான். காரணம், தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சமே கரையும்: லிட்டருக்கு சுமார் 1.7 கிராம். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அதற்கு மேல் கரையாது, மிச்சம் அடியில் தங்கும். ஆகவே தெளிந்த சுண்ணாம்பு நீரின் பலம் எந்த வீட்டில் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றே. தராசே வேண்டாம்.

செய்முறை இது. அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் கொதித்து ஆறிய நீரைக் கழுத்து வரை நிரப்பி, ஒரு டீஸ்பூன் கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டு இறுக மூடிக் குலுக்குங்கள். இங்கே வாயு எதுவும் வராது, மூடலாம். ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மறுநாள் மேலே நிற்கும் தெளிநீரை, காபி வடிகட்டும் தாள் வழியாக, சிறு போத்தலில் விளிம்பு வரை ஊற்றி மூடிக்கொள்ளுங்கள். போத்தலில் காற்றிடம் விட்டால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மேலே வெள்ளை ஆடை படரும். ஆடை படர்ந்தால் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். கீழே மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு மறுபடி குலுக்கித் தெளியவைத்துப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். பெட்டி கடையில் நெடுநாள் கிடந்ததா என்று பார்க்கவும் வழி உண்டு: ஒரு சிட்டிகைத் தூளில் வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு பெருமளவு கார்பனேட்டாகிவிட்டது. அப்படியானால் வெற்றிலைக்கு வைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனையோ நிறமோ சேர்க்காதது, அதே வேலையைச் செய்யும்.

அமிலத்துக்கு வெள்ளை வினிகர். லேபிளில் 5 சதவீதம் என்று இருந்தால் 5 மில்லி வினிகரை எடுத்து நீர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள். 4 சதவீதமானால் 6 மில்லி. இந்த நீர்த்த வினிகரும் சுண்ணாம்புத் தெளிநீரும் ஏறக்குறைய சம பலம். ஒரு குழாயில் 20 சொட்டு வினிகர் கரைசல், 2 சொட்டு இண்டிகேட்டர். பிறகு சுண்ணாம்பு நீரை எண்ணி எண்ணி விட வேண்டும். 15 சொட்டு வரை வேகமாகப் போகலாம். அதன் பின் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குலுக்கல். 18 முதல் 20க்குள் நிறம் பாயும். மஞ்சளில் நின்ற கரைசல் ஒன்றிரண்டு சொட்டில் ஊதாவுக்குப் போய்விடும், பச்சையைப் பார்க்கவே முடியாமல் போகலாம். தவறு நடந்துவிட்டதோ என்று பிள்ளை திகைக்கும். இல்லை, பாடம் வேலை செய்கிறது. முடிவுக்கு ஒரு சொட்டுக்கு முன் பிஎச் சுமார் 6, ஒரு சொட்டு மிகுந்தால் 11. இடைப்பட்ட தூரம் முழுவதும் ஒரே சொட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பச்சையைப் பிடித்தே தீர வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள். 20 சொட்டுக்குப் பதில் 10 மில்லி வினிகர் கரைசல் எடுத்து, முதல் 8 மில்லி சுண்ணாம்பு நீரைக் குழாயால் ஊற்றி, மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒரு சொட்டின் பங்கு அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது பச்சை ஒரு கணம் நிற்கும். மேல் வகுப்பில் ப்யூரெட் (அளவு குறித்த, சொட்டுச் சொட்டாக விடும் நீண்ட கண்ணாடிக் குழாய்) எதற்கு என்று பிற்பாடு கேட்கவே வேண்டியிருக்காது.

சொட்டு எண்ணிக்கை தெரிந்தபின், இண்டிகேட்டர் இல்லாமல் அதே எண்ணிக்கையில் மறுபடி கலந்து, தட்டில் ஊற்றிச் சன்னலோரம் வையுங்கள். நீர் வற்றியதும் மெல்லிய வெள்ளைப் படலம் தங்கும்: கால்சியம் அசிட்டேட் என்ற உப்பு. 10 மில்லி வினிகர் கரைசலுக்கு 30 மில்லிகிராம் போலத்தான் வரும். பெரிய படிகம் எதிர்பார்க்க வேண்டாம். நடுநிலையாக்கலில் உப்பும் நீரும் கிடைக்கும் என்ற வரிக்கு இதுவே கண்கண்ட சாட்சி. நாக்கில் வைக்கக் கூடாது. ‘உருவாகும் உப்பு தீங்கற்றது’ என்று கையேடு பொதுவாகச் சொல்லிவிட்டது. உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் என்று ஒரு பிள்ளை நினைக்க இது ஒன்றே போதும்.

அடுத்து, ‘குழாயைத் தொட்டுப் பார், சூடு தெரியும்’ என்கிறது. இந்த நீர்த்த கரைசல்களில் தெரியாது. நடுநிலையாக்கலில் வெப்பம் வெளிப்படுவது உண்மை. ஒரு மோல் நீர் (18 கிராம்) உருவாகையில் சுமார் 57 கிலோஜூல். ஆனால் நம் சொட்டுகளில் இருப்பது அவ்வளவு கொஞ்சம், வெப்பநிலை 0.3 டிகிரிகூட ஏறாது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே பலமுள்ள சோடியம் ஹைட்ராக்சைடையும் சம அளவில் கலந்தால் 6 அல்லது 7 டிகிரி ஏறுவதை வெப்பமானியில் பார்க்கலாம். அது ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டியது, வீட்டில் அல்ல. இதில் இன்னொரு குழப்பமும் சேரும்: சிட்ரிக் அமிலக் கரைசலில் ஆப்பச் சோடாவைப் போட்டால் குழாய் சூடாகாமல் குளிரும். கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறும் அந்த வினை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எல்லா நடுநிலையாக்கலும் சுடும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நடுநிலை என்றால் எப்போதும் பிஎச் 7 என்பதும் பிழை. அமிலமும் காரமும் இரண்டுமே வலியவையாக (நீரில் முழுதாகப் பிரிபவையாக) இருந்தால்தான் 7. வினிகர் போன்ற மெலிந்த அமிலத்தைச் சுண்ணாம்பு போன்ற வலிய காரத்தால் சரியாகத் தீர்த்தால், கரைசல் 8க்குச் சற்று மேலே நிற்கும். 7ஆம் கிரேடுக்கு இது தேவையில்லை. மேல் வகுப்புப் பிள்ளை, பிஎச் 8க்கு மேல் நிறம் மாறும் பினால்ப்தலீனை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்கும்போது இங்கேதான் விடை இருக்கிறது.

எலுமிச்சைச் சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் பிஎச் ஒன்று ஏறும் என்று ஒரு பயிற்சி. வலிய அமிலத்துக்கு அது சரி. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரென்சன் வகுத்த இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. எலுமிச்சையோ வினிகரோ மெலிந்த அமிலம். நீர் சேரச் சேர, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் புதிதாகப் பிரிந்து இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஏறுவது அரைப் படிதான். முழுப் படி மட்டும் காட்டும் பிஎச் தாளில் அது தெரியவே தெரியாது. பிள்ளை ‘ஏறவில்லை’ என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

தேனீ கொட்டினால் ஆப்பச் சோடா, குளவி கொட்டினால் வினிகர் என்ற பழைய படமும் கையேட்டில் இருக்கிறது. விஷம் தோலுக்கு உள்ளே செலுத்தப்படுகிறது. மேலே தடவும் பொருள் அங்கே போய்ச் சேராது. விஷத்தில் வலி தருபவை புரதங்கள் உள்ளிட்ட பல பொருள்கள், அமிலம் மட்டுமல்ல. இந்த எடுத்துக்காட்டை அடித்துவிடலாம். அதற்குப் பதிலாக இந்த நாட்டிலேயே கண்முன் கிடக்கும் எடுத்துக்காட்டுகள் எத்தனை! 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து நம்மவர்கள் டர்பனில் வந்திறங்கியது கரும்புத் தோட்ட வேலைக்காக. அந்தக் கரும்பின் சாறு இயல்பிலேயே லேசான அமிலம், பிஎச் 5 சுற்றி. அப்படியே காய்ச்சினால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகும். படிகமாகாது, ஆலைக்கு நட்டம். அதனால்தான் ஆலையில் சுண்ணாம்புப் பால் ஊற்றி அமிலத்தைத் தீர்க்கிறார்கள். அழுக்கும் திரண்டு படியும். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே 2002இல் பழைய தங்கச் சுரங்கங்களில் நிரம்பிய அமில நீர் நிலத்தின் மேல் வழியத் தொடங்கியது. பாறையில் உள்ள பைரைட் காற்றோடும் நீரோடும் சேர்ந்து கந்தக அமிலமாவதுதான் காரணம். அதையும் சுண்ணாம்பு கொண்டே தீர்க்கிறார்கள். மழை மிகுந்த நம் நேட்டால் பகுதியின் மண் அமிலத்தன்மை கொண்டது. தோட்டத்துக்கு விவசாயச் சுண்ணாம்பு போடுவதும் இதே வேதியியல். கிறிஸ்துமஸ் பருவத்தில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா அமில மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பிட்ட மண்ணில் இளஞ்சிவப்பாகவும் இருப்பதைத் தெருவில் நடந்தே காட்டலாம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைப்பதால் வரும் நீலம் அது.

இண்டிகேட்டர் போத்தல் தீர்ந்தால் மறுபடி பெட்டி வாங்க வேண்டாம். சிவப்பு முட்டைக்கோஸ் கால் பகுதியைப் பொடியாக நறுக்கி, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்து வடித்தால் போதும். அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, ஆப்பச் சோடாவில் நீலம், சுண்ணாம்பு நீரில் பச்சை. குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். ஐஸ் தட்டில் உறையவைத்தால் வாரக்கணக்கில் எடுத்துப் பயன்படுத்தலாம். அதிகக் காரத்தில் மஞ்சளாகி, சாயமே சிதைந்துவிடும். அதன் பின் அமிலம் விட்டாலும் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது.

மஞ்சள்தூளும் நல்ல நிறங்காட்டிதான். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அந்தச் சாயம் நீரில் கரைவது அரிது. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் 20 மில்லியில் ஒரு டீஸ்பூன் மஞ்சளைக் கலக்கித் தெளியவைத்து, காபி வடிதாளில் பூசி நிழலில் உலர்த்தினால் சோதனைத் தாள் தயார். பிஎச் 8ஐத் தாண்டினால் செம்பழுப்பாகும். ஆனால் வினிகருக்கும் நீருக்கும் ஒரே மஞ்சளைத்தான் காட்டும். அமிலத்தைக் கண்டுபிடிக்க இது உதவாது, காரத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே.

இன்னொரு நல்ல சோதனைக்குக் கையேட்டில் இடமே இல்லை: வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மில்க் ஆஃப் மக்னீசியா. சுவையூட்டாத, நிறமில்லாத வகையில் 5 மில்லி எடுத்து, கொஞ்சம் முட்டைக்கோஸ் சாறு கலந்து, நீர்க்காத வினிகரை 2 மில்லி வீதம் ஊற்றிக் கலக்குங்கள். ஊற்றியதும் சிவக்கும், பிறகு மெல்ல ஊதாவாகி நீலத்துக்கே திரும்பும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு பெரும்பகுதி கரையாத தூளாகவே மிதக்கிறது. அமிலம் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்கொள்கிறது. 5 மில்லியில் 400 மில்லிகிராம் என்று லேபிள் சொன்னால், 5 சதவீத வினிகர் 16 மில்லிக்கு மேல் போனதும் சிவப்பு நிலைத்துவிடும், பால் போன்ற கலங்கலும் தெளிந்துவிடும். வினை மெதுவானது, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். மருந்தின் லேபிளில் எழுதிய எண்ணைப் பிள்ளை தன் கையால் சரிபார்க்கும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடான பக்கம் கையேட்டில் ஒன்றுகூட இல்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கையேட்டில் நான்கே வரி. விட்டுப்போனவை முக்கியமானவை. வீட்டில் உள்ள மற்றத் திரவங்களையும் சோதித்துப் பார் என்று சொல்லிவிட்டு, எவற்றைக் கலக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஜிக் போன்ற ப்ளீச்சோடு வினிகரோ வேறெந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரினும் குள ஆசிடும் சேர்ந்தாலும் அதேதான். குள ஆசிட் என்பது அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மூடியைத் திறந்தாலே புகையும். சாக்கடை அடைப்புக்கு வாங்கும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) அதே அளவு ஆபத்தான காரம். இரண்டையும் பிள்ளைகளின் சோதனைக்குத் தொடக் கூடாது. நீர்த்துப்போகச் செய்யும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. அடர்ந்த அமிலத்தில் விழும் நீர் கொதித்துத் தெறிக்கும்.

கண்ணுக்கு அமிலத்தைவிடக் காரம் கொடியது. அமிலம் பட்ட திசு உறைந்து ஓரளவு தானே தடுப்பாகிவிடும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் உண்டு. சுண்ணாம்பு நீரோ தூளோ கண்ணில் பட்டால் இமையைப் பிரித்து ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமிலத்தைக் காரத்தால் தீர்க்கலாம் என்று படித்த பிள்ளை கண்ணில் வினிகர் விடப் பார்க்கும். நடுநிலையாக்கல் உடம்பின் மேல் செய்வதல்ல, அங்கே பிறக்கும் வெப்பமும் தவறிய அளவும் புண்ணைப் பெரிதாக்கும். தண்ணீர், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். சுண்ணாம்பு நீரில் ஊதும் சோதனையில் ஸ்ட்ராவில் வாய் வைக்கும் முனைக்குக் கொஞ்சம் கீழே, நீர்மட்டத்துக்கு மேலே, ஊசியால் ஒரு துளை போட்டால், பிள்ளை தவறி உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும்.

வாங்குவோர் கடையிலேயே பெட்டியின் பக்கவாட்டு அட்டையைப் படியுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடும் குறைந்தது மூன்று சொட்டுக் குழாயும் இல்லாத மலிவுப் பதிப்பு ஒன்று உலவுகிறது. அதில் ஆப்பச் சோடா, சிட்ரிக் அமிலம், எரிமலை வடிவ பிளாஸ்டிக் அச்சு மட்டுமே. அது வேண்டாம். நுரை பொங்கும் எரிமலைக்குச் சமையலறையே போதும். 7ஆம் கிரேடுப் பிள்ளைக்கு முழுப் பெட்டி தகும். 9ஆம் கிரேடுப் பிள்ளைக்குப் பெட்டியைவிட, மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்சு இரண்டு, ஒரு சுருள் பிஎச் தாள், நல்ல பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று, சுண்ணாம்பு, வினிகர் என்று தனித்தனியாக வாங்கித் தருவது மேல். மக்னீசியம் நாடா இருக்கும் பதிப்பு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம், அமிலத்தோடு உலோகம் வினைபுரிவதைக் காட்ட அது வேண்டும். ஒரு சென்டிமீட்டர் துண்டுக்கு மேல் எடுக்காமல், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள், வருவது ஹைட்ரஜன்.

முடித்த கரைசல்களை எல்லாம் ஒரே வாளியில் சேர்த்து, மஞ்சள்தூள் பூசிய தாள் சிவக்காமலும் நீல லிட்மஸ் சிவக்காமலும் இருக்கும் வரை வினிகரோ சோடாவோ சேர்த்துத் தீர்த்துவிட்டுத் தாராளமாக நீர் விட்டுச் சிங்கில் ஊற்றலாம். அடியில் தங்கிய சுண்ணாம்பு வண்டலை மட்டும் சிங்கில் கொட்டாதீர்கள், குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும். அதைப் பழைய தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.